மேட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர்

வெள்ளைக்காரி தோட்டமா? அப்படி ஒரு தோட்டம் இந்த ஊரில் கிடையாது, தம்பி. வண்டியை அந்தப் புளியமரத்து நிழலில் நிறுத்துங்கள், சொல்கிறேன்.

நீங்கள் கேட்பது மேட்டுத் தோட்டம். அது என் மனைவி பேரில் இருக்கிறது. அமலோற்பவம். பத்திரிகையில் போடும்போது அந்தப் பேரைப் போடுங்கள். இப்படித்தான் முன்னால் ஒருத்தர் வந்து எழுதினார். பக்கம் முழுக்கப் பிரான்சுக்காரி, பிரான்சுக்காரி. கம்பம் பள்ளத்தாக்கில் செத்துப்போன திராட்சை ரசத்துக்கு உயிர் கொடுக்க வந்தவளாம். என் மனைவியைப் பற்றி 'உள்ளூர்ப் பெண் ஒருவர்' என்று ஒரு வரி. படத்தில் அவள் முதுகு மட்டும் தெரிகிறது. கட்டியிருந்த சேலை நான் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்தது. கிறிஸ்தவனுக்கு என்ன தீபாவளி என்று கேட்காதீர்கள், கடையில் அப்போதுதான் தள்ளுபடி போடுகிறான்.

போகலாம், போகலாம். என்ன அவசரம்? இந்த வெயிலில் அந்த அம்மா யாரையும் பார்க்க மாட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவாள். போய்த் தட்டினீர்கள் என்றால் வாய்க்கு வந்தபடி திட்டுவாள். மறைமாவட்ட ஆயரையே திட்டியவள். நானும் பழம் ஏற்ற வருகிற லாரிக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இந்தப் பந்தலுக்குக் கீழே வாருங்கள், குளிர்ச்சியாக இருக்கும். என் பந்தல்தான். இன்னாசிமுத்து என்றால் கூடலூர் வரைக்கும் வியாபாரிகளுக்குத் தெரியும்.

பழம் சாப்பிடுங்கள். அந்தக் கொத்தை எடுங்கள், பெரிய கொத்து. பன்னீர் திராட்சை. எப்படி இருக்கிறது?

சரி, மென்று முடித்துவிட்டுச் சொல்லுங்கள்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான், தம்பி. என் மனைவி வீட்டுக்கு வரவேண்டும். போன சித்திரையில் கட்டிலை எடுத்துக்கொண்டு மேட்டுத் தோட்டத்துக் கொட்டகைக்குப் போனவள் இன்னும் இறங்கி வரவில்லை. இங்கிருந்து பார்த்தால் அந்தக் கொட்டகை தெரியும். அதோ, சரிவில், ஓடு போட்டது. அவள் அடுப்பு பற்ற வைத்தால் புகை தெரியும். நான் இங்கே, அவள் அங்கே. இதற்கு யார் காரணம் என்று நினைக்கிறீர்கள்? நீங்கள் பேட்டி எடுக்கப்போகிறீர்களே, அவள்தான்.

சொலாஞ்ச் என்று பேர். ஊரில் சொலாஞ்சம்மா. புருஷன் பாண்டிச்சேரிக்காரர், இறந்துபோய்விட்டார். பிரான்சில் இவளுக்குச் சொந்தமாகத் திராட்சைத் தோட்டமும் ரசம் இறக்கும் கிடங்கும் இருந்ததாம். அதை மகனிடம் விட்டுவிட்டாள். மகனோடு சண்டை. மகனோடும் சண்டை என்று சொல்லவேண்டும். பாண்டிச்சேரியில் மீன் வாங்கி வாங்கித் தமிழ் படித்தவள். அதனால் பெரியவர், சின்னவர், பங்குச் சாமியார், கலெக்டர் எல்லோரும் அவளுக்கு நீதான். வா, போ, உட்கார்.

எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் பூசைக்கு வைக்கிற திராட்சை ரசம் இறக்கியிருக்கிறார்கள். கோவிலுக்குப் பின்னால் ரசவீடு என்று ஒரு கல் கட்டடம் உண்டு. அப்புறம் வியாபாரிகள் எடைக்கு வாங்க ஆரம்பித்ததும் யார் ரசம் இறக்கப்போகிறார்கள்? ரசவீட்டில் தேர் சாமான் போட்டு வைத்தோம். பூசைக்கு வெளியூரிலிருந்து பாட்டில் வந்தது. ரசம் இறக்குவதற்கான சர்க்கார் அனுமதி மட்டும் கோவில் பேரில் உயிரோடு இருந்திருக்கிறது. அது எப்படியோ இவள் காதுக்குப் போய்விட்டது.

வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கிறோம். பங்குச் சாமியார் என்னைக் கைகாட்டி, "இன்னாசிமுத்து நம்ம ஊர்ல நல்ல விவசாயி" என்று அறிமுகம் செய்கிறார். நான் வீட்டிலிருந்து நல்ல கொத்தாகப் பார்த்து ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். விருந்தாளி அல்லவா? ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். துப்பினாள்.

துப்பினாள், தம்பி. ஊர் பார்க்க. கோவில் வாசலில். என் பழத்தை.

"இது பழம் இல்ல" என்றாள். "தண்ணி. தோல் போட்ட தண்ணி."

யாரோ ஒரு பெண்பிள்ளை சிரிப்பை அடக்க முடியாமல் சிரித்தாள். திரும்பிப் பார்த்தால் என் மனைவி. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "என்ன சிரிப்பு?"

"அவங்க தொழில்ல எதை வாயில போட்டாலும் துப்பத்தாங்க செய்வாங்க. சாமியார் சொன்னாரே, காதுல விழலையா?"

"துப்புறது ஒரு தொழிலா?"

"தண்ணின்னு சொன்னது மட்டும் தொழில் இல்ல. அது நெசம்" என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கிண்டுகிறாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது.

அடுத்த வாரம் கூட்டம் போட்டார்கள். சொலாஞ்ச் எழுந்து நின்று ஊரையே திட்டினாள். ஒரு பறிப்பு முடிந்ததும் கொடியை வெட்டிவிட்டுக் கவாத்து, மறுபடி பறிப்பு, மறுபடி கவாத்து. மருந்து, உரம், தண்ணீர். "கொடிக்கு ஞாயித்துக்கிழமை கிடையாதா?" என்று கேட்டாள். "நீ எல்லாம் கிறிஸ்தவனா?" கூட்டம் சிரித்தது. நானும் சிரிக்கப் பார்த்தேன், பிறகு தட்டு ஞாபகம் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஒவ்வொரு தோட்டமாக ஏறி இறங்கினாள். ஒவ்வொரு தோட்டத்திலும் தின்றாள், துப்பினாள். கடைசியில் மேட்டுத் தோட்டம். அது கல்லுக்காடு, தம்பி. என் மாமனார் மகளுக்கு எழுதி வைத்தது. கல்தூண் பாதி சாய்ந்து, கம்பி துருப்பிடித்து, பழங்கொடி தன்பாட்டுக்குக் கிடந்தது. பழம் சுண்டைக்காய் அளவு. தோல் தடிப்பு. எந்த வியாபாரியும் திரும்பிப் பார்க்க மாட்டான். அதில் ஒன்றை வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். அதையும் துப்பினாள், அது வேறு விஷயம். துப்பிவிட்டு, "இது யாருடையது?" என்றாள்.

"நம்மதுதான்" என்று சொல்ல நான் வாய் திறக்கிறேன். அதற்குள் அமலோற்பவம் சொல்கிறாள்: "என்னோடது."

கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் எதையும் அவள் என்னோடது என்று சொல்லி நான் கேட்டதில்லை. பிள்ளைகளைக்கூட உங்க மகன், உங்க மகள் என்றுதான் சொல்லுவாள். அன்றைக்குச் சொன்னாள். இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், நான் நடுவில் நிற்கிறேன், என்னை யாரும் பார்க்கவில்லை.

நான் தடுத்தேனா? தடுக்கவில்லை. எழுதுங்கள், இன்னாசிமுத்து தடுக்கவில்லை என்று எழுதுங்கள். சும்மா கிடந்த நிலம், செய்துவிட்டுப் போகட்டும் என்றுதான் விட்டேன். சாய்ந்த தூணை நிமிர்த்த நானே ஆள் பிடித்துக் கொடுத்தேன். மேலே கிணறு கிடையாது. இங்கே என் கிணற்றில் இருந்துதான் குழாய் மேலே போகிறது. மோட்டார் என்னுடையது. தண்ணீருக்கு ஒரு வார்த்தை கணக்குப் பேசியிருப்பேனா?

அமலோற்பவம் விடியும்போது மேலே போவாள், பொழுது சாயும்போது வருவாள். வந்து என்ன பேசுவாள் தெரியுமா? கொடி, கொடி, கொடி. இந்த மொட்டுக் கண்ணை விட்டு வெட்டணும், அந்தக் கண்ணை வச்சு வெட்டணும். நான் பிறந்ததிலிருந்து கவாத்து செய்கிறவன், எனக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஏங்க, நம்ம கீழ்த் தோட்டத்திலயும் ஒரு போகத்தை நிறுத்திப் பாப்பமா?" என்றாள். நான் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டேன். கோபம் இல்லை. பசி போய்விட்டது.

பழம் பிடிக்கவில்லையா? ஒன்றோடு நிறுத்திவிட்டீர்கள். இன்னொன்று எடுங்கள், அந்தக் கொத்து இன்னும் நன்றாக இருக்கும். நான் நேற்றுத்தான் தண்ணீர் விட்டேன், எப்படிப் பளபளவென்று நிற்கிறது பாருங்கள்.

பிஞ்சு பிடித்த சமயம் ஒரு நாள் மேலே போனேன். போனால் பந்தலுக்குக் கீழே பச்சைப் பசேலென்று கிடக்கிறது. என்னடா, புயலா அடித்தது என்று பார்த்தால் என் மனைவி கத்தரியை வைத்துக்கொண்டு பிஞ்சுக் கொத்துகளை வெட்டி வெட்டிக் கீழே போடுகிறாள். நல்ல கொத்து, தம்பி! நோய் கிடையாது, பூச்சி கிடையாது.

"ஏய், என்ன செய்யிற?"

"பாத்தா தெரியலையா?"

"பிஞ்சை வெட்டுற."

"பாதி போனாத்தான் மீதிக்குச் சத்து ஏறும்."

"ரெண்டு பிள்ளை பெத்தவ பேசுற பேச்சா இது?"

கத்தரியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ரெண்டு பெத்து வளத்ததுனாலதான் பேசுறேன். எட்டு பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும் உங்களுக்கு."

எனக்கு என்ன தெரிந்திருக்கும்? நான் பதில் சொல்வதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து சொலாஞ்ச் கத்துகிறாள். "இன்னாசி! நீ கீழ போ! உன் மூஞ்சியப் பாத்தா கொடி பயப்படுது!"

வேலைக்கு வந்த பெண்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் ஒரு கூடையை எடுத்து, கீழே கிடந்த பிஞ்சையெல்லாம் பொறுக்கினேன். ஒரு ஆம்பிளை குனிந்து பொறுக்குகிறான், இவர்கள் வெட்டி வெட்டி அவன் தலையில் போடுகிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து ஆட்டுக்குப் போட்டேன். ஆடு மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அதற்கும் பிரான்சுப் பழக்கம் வந்துவிட்டது.

சரி, அதையும் பொறுத்தேன். இனிமேல் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, நியாயம் யார் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள்.

பழம் கறுக்க ஆரம்பித்தது. பங்குனி வெயில். எங்கள் பழக்கம் என்ன? பறிப்புக்கு முன்னால் நன்றாகத் தண்ணீர் கட்டுவோம். பழம் திரளும், எடை நிற்கும். எல்லோரும் செய்கிறது, இதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. சொலாஞ்ச் என்ன சொன்னாள்? ஒரு சொட்டுத் தண்ணீர் விடக்கூடாது. கொடி காய வேண்டும். காய்ந்தால்தான் பழம் இறுகி இனிப்பு ஏறுமாம். என் மோட்டாருக்குப் பக்கத்தில் வந்து நின்று, என்னிடமே சொல்கிறாள், "இன்னாசி, இதைத் தொடாத."

அமலோற்பவமும் சொன்னாள். தணிவாகத்தான் சொன்னாள். "இது மட்டும் எனக்காகச் செய்யுங்க. ஒண்ணும் செய்யாம இருங்க. அது போதும்."

ஒன்றும் செய்யாமல் இருப்பது லேசா, தம்பி? இங்கே உட்கார்ந்திருக்கிறேன், கண் மேலே போகிறது. இலை தொங்குகிறது. இலை ஓரம் சுருள்கிறது. வாய் இருந்தால் கேட்டிருக்கும். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, குழாய் இருக்கிறது, கொடி சாகிறது. நான் ஒரு விவசாயி. நீங்கள் ஒரு குழந்தை தண்ணீருக்கு அழுவதைப் பார்த்துக்கொண்டு பேப்பர் படிப்பீர்களா?

பறிப்புக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. இரண்டு பேரும் ரசவீட்டில் பீப்பாய் கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்த வாரம் மோட்டாருக்குக் கரண்டு மின்வாரியக்காரன் மத்தியானம்தான் விட்டான். கரண்டு வந்ததும் போட்டுவிட்டேன். அவ்வளவுதான். ஒரு மத்தியானம். ஒரே ஒரு மத்தியானம்.

மேலே போய் உட்கார்ந்திருந்தேன். காய்ந்த மண் தண்ணீரைக் குடிக்கிற சத்தம் கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். கொடி ஒவ்வொன்றுக்கும் போய் நின்று பார்த்தேன். இலை நிமிர்வது என் கண்ணுக்குத் தெரிந்தது. யாருக்காகச் செய்தேன்? பெண்டாட்டி நிலம், பெண்டாட்டி பழம். எனக்கு அதில் என்ன லாபம்? ஒரு பைசா கிடையாது. கண் கலங்கிவிட்டது, தம்பி. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து ரொம்ப நாள் ஆயிற்று.

பறிக்கப் போன அன்றைக்குக் காலையில் நானும் போனேன். பழம் திரண்டு நிற்கிறது. சில பழம் வெடித்திருந்தது, குளவி மொய்த்தது, வாஸ்தவம். வெடிக்காத பழமா இந்த ஊரில்? சொலாஞ்ச் ஒரு பழத்தை நசுக்கி, அவளிடம் ஒரு சின்னக் குழல் இருக்கிறது, இனிப்புப் பார்க்கிறது, அதில் விட்டுக் கண்ணில் வைத்துப் பார்த்தாள். இன்னொரு பழம். இன்னொரு வரிசையில் போய் இன்னொரு பழம். அப்புறம் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"யாரு தண்ணி விட்டது?"

பங்குச் சாமியார் இருக்கிறார், ஜெபம் சொல்லிப் பறிப்பை ஆரம்பித்து வைக்க வந்திருக்கிறார். ஊரில் பாதிப் பேர் இருக்கிறார்கள். அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனுக்கு ரசவீட்டை மந்திரித்து, அதற்கடுத்த வருஷத்திலிருந்து நம் ஊர் ரசத்தில் நம் ஊர்ப் பூசை என்று ஆயர் வரைக்கும் சொல்லியாகிவிட்டது.

"யாரு?" என்று மறுபடி கேட்டாள்.

அமலோற்பவம் என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் பார்த்தோம் என்று தெரியாது. ரொம்ப நேரம். பிறகு அவள் சொல்கிறாள்.

"நான்தான். வாடிப்போச்சேன்னு விட்டுட்டேன்."

சொலாஞ்ச் எழுந்து வந்தாள் பாருங்கள். பிரெஞ்சில் கத்துகிறாள், தமிழில் கத்துகிறாள். "நீயா? நீயா? ஒரு வருஷம்! உன் கையாலயே ஒரு வருஷத்தக் கழுவி ஊத்தினியா? வீட்டுக்குப் போ! ஓடு!" ஊர் வாயும் சும்மா இருக்குமா? பறிக்க வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஆசைப்பட்டுக் கெடுத்தாள், எடை நிக்கும்னு விட்டிருப்பா, இவளை நம்பி ஊர் மானம் போச்சு. அவள் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு இறங்கி வந்தாள். இன்றைக்கு வரைக்கும் ஊருக்கு அவள்தான் தண்ணீர் விட்டவள். குழாயடியில் நின்றால், "என்னக்கா, தண்ணி நல்லா வருதா?" என்று கேட்கிறார்கள்.

என்னை யாரும் கேட்கவில்லை. அதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். இன்னாசி, நீயா விட்டாய் என்று ஒருத்தர் கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பேன். எனக்கு என்ன பயம்? நான் பொய் சொல்கிறவன் இல்லை. பொய் சொன்னவள் அவள். சாமியார் முன்னால், ஊர் முன்னால், வாய் கூசாமல் பொய் சொன்னாள். யார் கேட்டார்கள் அவளைப் பொய் சொல்லச் சொல்லி?

வீட்டுக்கு வந்தால் முறத்தை வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். நான் ஆறுதலாகத்தான் பேசினேன்.

"சரி விடு. போனது போகட்டும்."

"ஏன் தண்ணி விட்டீங்க?"

"வாடிப்போச்சுல்ல."

"அது வாடல. வேலை செஞ்சுக்கிட்டிருந்துச்சு."

"செடிக்கு என்ன வேலை?"

அவள் நிமிரவே இல்லை. "உங்களுக்குத் தெரியாது" என்றாள்.

எனக்குத் தெரியாதாம். சரி, அதற்கும் நான் கோபப்படவில்லை. "ஒரு வகையில நல்லதாப் போச்சு. இந்த அலைச்சல் வேண்டாம். நாளைலேருந்து கீழ்த் தோட்டத்துக்கு வா, ஆள் பத்தல" என்றேன். இதில் என்ன தப்பு? நீங்கள் படித்தவர், சொல்லுங்கள். ஆறுதல் சொன்னேன், வேலை கொடுத்தேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்த வீட்டில் அவள் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

காலையில் மோட்டார் போட வந்தேன். மேலே போகிற குழாயை அறுத்துப்போட்டிருக்கிறது. அரிவாளால் அறுத்திருக்கிறாள். ஒரு முழத் துண்டைக் கொண்டுவந்து என் வாசலில் வைத்திருக்கிறாள், நான் பார்க்க வேண்டுமாம். கட்டிலைக் காணோம். அடுக்களையில் ஒரு பானை, இரண்டு தட்டு காணோம். இரண்டு தட்டு, தம்பி. ஒன்று அவளுக்கு. இன்னொன்று யாருக்கு? அந்தப் பிரான்சுக்காரி மத்தியானம் அங்கேதான் சாப்பிடுகிறாள்.

நேரே சொலாஞ்சிடம் போய், இன்னொரு வருஷம் கொடு, கவாத்திலிருந்து பறிப்பு வரைக்கும் நானே தனியாகப் பார்க்கிறேன் என்று கேட்டிருக்கிறாள். அவளும் சரி என்றிருக்கிறாள். நிலத்துக்காரி கேட்கிறாள், கொடி நட்டு வளர்த்தவள் மாதிரி வந்தவள் கொடுக்கிறாள்.

கொஞ்ச நாள் விட்டுப்பிடித்தேன். பிறகு என் மைத்துனன் செபஸ்தியானைக் கூட்டிக்கொண்டு மேலே போனேன். முறையாகப் போய்க் கூப்பிட வேண்டும் அல்லவா? கொட்டகை வாசலில் இரண்டு பேரும் உட்கார்ந்து கம்பி முறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

செபஸ்தியான் தன்மையாகப் பேசினான். "அக்கா, தப்பு எல்லாருந்தான் செய்றோம். தண்ணி விட்டது விட்டுட்ட. அதுக்காகக் குடும்பத்தை விட்டுட்டு வந்து இங்க உக்காந்து தவம் செய்யணுமா? மச்சானே வந்து கூப்பிடுறாரு."

சொலாஞ்ச் கம்பியைக் கீழே போட்டாள். "அவ விடல. உன் மச்சான்தான் விட்டான்."

"இந்தாம்மா, தெரியாமப் பேசாத" என்றான் செபஸ்தியான்.

"எனக்கு அன்னிக்கே தெரியும். அந்த வாரம் கரண்டு மத்தியானம். மத்தியானம் பூரா அமலி என் கூட பீப்பாய் கழுவினா. எப்படி விடுவா?"

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். "தெரிஞ்சும் என் பெண்டாட்டிய ஊர் முன்னால அந்தத் திட்டுத் திட்டினியா? நீ பொம்பளையா?"

"நீ எப்ப வாயத் திறப்பேன்னு பாத்தேன். எவ்வளவு கத்தினேன்! தொண்டை போச்சு. நீ வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு நின்ன."

செபஸ்தியான் என் பக்கம் திரும்பினான். "மச்சான், நீங்களா?"

"இப்ப அதுவா பேச்சு, மாப்ள?" என்றேன். "கூப்பிட வந்திருக்கோம். வந்த வேலையப் பாரு."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் இறங்கிப் போய்விட்டான். கூடப் பிறந்தவனுக்கே புத்தி மாறுகிறது என்றால் அந்த மேட்டில் ஏதோ இருக்கிறது.

அமலோற்பவம் அப்போதுதான் பேசினாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது செய்திருப்பேன்.

"வர்றேன். நான் என்ன இங்கயேவா இருக்கப்போறேன்? ஒரு ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு எல்லாரும் நிக்கையில, தண்ணி விட்டது நான்தான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. அன்னைக்குச் சாயங்காலமே கட்டிலைத் தூக்கிக்கிட்டு இறங்கி வந்துடுறேன்."

"சொன்னா?"

"சொன்னா என் பேரு எனக்கு."

பார்த்தீர்களா, எப்படிப் பேசக் கற்றுக் கொடுத்திருக்கிறாள்?

மகள் திண்டுக்கல்லிலிருந்து போன் போட்டுக் கேட்கிறாள், "அப்பா, ஒரு வார்த்தைதானேப்பா, சொன்னா என்ன?" ஒரு வார்த்தை சொல்வதில் எனக்கு ஒன்றுமில்லை, தம்பி. உங்களிடம் சொல்லவில்லையா? பேர் தெரியாத ஆள் நீங்கள், இவ்வளவு நேரம் சொன்னேனே. ஆனால் கோவில் வாசலில் நின்று சொன்னால் என்ன அர்த்தம்? தண்ணீர் விட்டது குற்றம் என்று அர்த்தம். காய்கிற கொடிக்குத் தண்ணீர் விட்டது குற்றமா? அதை எப்படி என் வாயால் சொல்வேன்? ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போய் நிற்கிறேன். பூசை முடிகிறது. எல்லோரும் நிற்கிறார்கள். தொண்டை வரைக்கும் வருகிறது. நான் என்ன தப்புச் செய்தேன் என்று எனக்கு நானே கேட்டுப் பார்க்கிறேன். எங்கேயோ ஒன்று இருக்கிறது. இருக்கிற மாதிரி இருக்கிறது. கிட்டே போனால் அந்த இலை நிமிர்ந்ததுதான் கண்ணுக்கு வருகிறது. வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

இதையெல்லாம் எழுதாதீர்கள். எழுத வந்தது அவளைப் பற்றித்தானே? அவளைப் பற்றி எழுதுங்கள். ஊருக்கு வந்து ஒரு குடும்பத்தைப் பிரித்தாள் என்று எழுதுங்கள்.

லாரி வருகிற சத்தம் கேட்கிறது. நீங்களும் புறப்படுங்கள். நேரே போனால் சூசையப்பர் சிலை வைத்த கெபி, அதைத் தாண்டி இடது பக்கம் மண் பாதை. கார் பாதி தூரம் போகும், மீதி நடக்க வேண்டும். போகும்போது அண்ணாந்து பார்த்துக்கொண்டே போங்கள். இந்த வருஷமும் பறிப்பு நெருங்கிவிட்டது. இந்த வருஷமும் காயப் போட்டிருக்கிறார்கள். இலை போன வருஷத்தைவிட மோசம். அடி இலை மஞ்சளாகிவிட்டது. இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது, பக்கத்தில் இருக்கிறவளுக்குத் தெரியாதா?

அமலோற்பவத்தைப் பார்த்தால் ஒன்று சொல்ல வேண்டும். பேட்டியில் வேண்டாம், தனியாகச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்காரர் கோபமாக இருக்கிறார் என்று… வேண்டாம், அது அவளுக்குத் தெரியும். கீழே பறிக்க ஆள் இல்லாமல் கஷ்டப்படுகிறார் என்று சொல்லுங்கள். இல்லை, அதற்கும் ஆள் வச்சுக்கச் சொல்லுங்க என்பாள். சாப்பாடு… அதைச் சொல்லாதீர்கள்.

இதை மட்டும் சொல்லுங்கள். புதுக் குழாய் வாங்கி வைத்திருக்கிறேன். அறுத்த இடத்தில் இணைக்கக் கொஞ்ச நேரம்கூட ஆகாது. இந்த வாரமும் கரண்டு மத்தியானம்தான். அவள் அந்தக் கொட்டகை வாசலில் நின்று கையை ஒரு தடவை ஆட்டினால் போதும், போட்டுவிடுவேன். நான் இங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறேன், அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு.